பார்வையற்றோர் கனவு காண்பார்களா?

தமிழில் கனவைக் 'காண்கிறோம்'. அரபியில் 'ருஃயா' என்ற சொல்லும் பார்த்தல் என்ற வேரிலிருந்து வந்ததுதான். அப்படியானால் பார்வை இல்லாதவருக்குக் கனவு உண்டா? சிலர் இதைப் பார்வையற்ற சகோதரரிடமே கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவதும் உண்டு.

ஹிஜ்ரி 764இல் (கி.பி. 1363) திமிஷ்கில் மறைந்த ஸலாஹுத்தீன் அஸ்ஸஃபதீ (ரஹ்), பார்வையற்ற பிரமுகர்களின் வரலாறுகளை 'நக்துல் ஹிம்யான்' என்ற நூலில் தொகுத்தார். அதன் முன்னுரையில் இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார். விவரம் தெரிந்த பின் பார்வையிழந்தவர் கனவில் காட்சிகளைக் காண்பார். உருவங்கள் ஏற்கெனவே அவருடைய மனதில் பதிந்துள்ளன. பிறவியிலேயே பார்வையற்றவருக்கு அந்தப் பதிவு இல்லை, எனவே காட்சியும் இல்லை. இதுவே அவருடைய முடிவு.

அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஜாஸ்ட்ரோ 1888இல் பார்வையற்றோர் பலரிடம் விசாரித்து எழுதியதும் ஏறக்குறைய இதுதான். 5 வயதுக்கு முன் பார்வையிழந்தவர்களின் கனவில் காட்சி இல்லை. 7 வயதுக்குப் பின் இழந்தவர்களுக்குக் காட்சி தொடர்கிறது. இடைப்பட்டவர்கள் இரண்டு விதமாகவும் இருக்கிறார்கள்.

ஆனால் காட்சி இல்லை என்பதால் கனவே இல்லை என்று ஆகிவிடாது. பிறவியிலேயே பார்வையற்றவர் கனவில் குரல்களைக் கேட்கிறார், தொடுகிறார், நுகர்கிறார், சுவைக்கிறார், நடக்கிறார். லிஸ்பனில் நடந்து 2003இல் வெளியான ஆய்வொன்றில், இவர்கள் தங்கள் கனவுகளை வரைந்தும் காட்டினார்கள். அதை வைத்து அவர்களுக்கும் காட்சி உண்டு என்று சிலர் வாதிட்டனர். தொட்டறிந்த வடிவத்தையும் வரையலாமே என்று மற்றவர்கள் மறுத்தனர். மறுத்தவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது.

நீரிழிவு, கண் நீர் அழுத்தம் போன்றவற்றால் நடுவயதில் பார்வையிழப்பவர்களின் நிலை வேறு. கனவில் மனைவி மக்களின் முகம் தெரியும், விழித்தால் இருள். காட்சிகள் மூளையின் நினைவிலிருந்து வருவதால், பார்வையிழந்து ஆண்டுகள் கூடக்கூட அவை பொதுவாகக் குறைகின்றன. இத்தகைய கனவைக் கேட்டதும் "பார்வை திரும்பப் போகிறது, அதற்கான அடையாளம் இது" என்று சொல்லி ஆசை காட்டும் உறவினர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை நம்பிச் சிகிச்சையை விட்டுவிடுபவருக்கு, மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடக்கூடும். துஆ செய்யட்டும், மருத்துவரிடமும் போகட்டும்.

ஸஃபதீ அதே நூலில் பாக்தாதின் ஸைனுத்தீன் அல்ஆமிதீ (ரஹ்) அவர்களையும் குறிப்பிடுகிறார். சிறு வயதிலேயே பார்வையிழந்த இவர் ஹன்பலி மத்ஹபின் அறிஞர். புத்தக வியாபாரமும் செய்தார். மெல்லிய காகிதத்தை எழுத்து வடிவில் முறுக்கி நூலின் அட்டையில் ஒட்டிவைத்து, தடவிப் பார்த்தே விலையைச் சொல்வார். இவர் பெரிதும் பெயர் பெற்றதோ கனவு விளக்கத்தில்! பார்வையுள்ளவர்கள் கண்ட கனவுக்கு இவர் பலன் சொன்னார்.

2014இல் வெளியான டென்மார்க் ஆய்வின்படி, பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. வழி தவறிப் போவது, வாகனம் மோதுவது போன்ற அன்றாட அச்சங்களே இரவில் கனவாக வருகின்றன. வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால், கெட்ட கனவு கண்டவர் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, இடப்பக்கம் மூன்று முறை இலேசாகத் துப்பி, மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்ற நபிவழியைக் கையைப் பிடித்துச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுங்கள். அதைப் பார்த்துப் பழக அந்தப் பிள்ளையால் முடியாது.