கண்ணாடிக்குக் கை முளைத்த கதை

1997-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் நீங்கள் நடந்து போயிருந்தால் ஒரு விசித்திர ஆசாமி எதிரே வந்திருக்கலாம். மலையேறுகிறவர் மாதிரி முதுகில் பெரிய மூட்டை. அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா. மூக்கின் மேல் தடித்த கண்ணாடி. கையில் சிலேட்டு சைஸில் ஒரு கம்ப்யூட்டர். மொத்த எடை 40 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம் கணக்கில் சுமார் 18 கிலோ. கடையில் வாங்கும் 25 கிலோ அரிசிப் பையில் முக்கால்வாசியை முதுகில் சுமந்துகொண்டு, எதிரே தெரியும் கட்டடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

உளவாளி இல்லை, பயப்படாதீர்கள். பேராசிரியர் ஸ்டீவன் ஃபைனரும் அவருடைய குழுவும் செய்த 'டூரிங் மெஷின்' அது. (கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பெயரில் இருக்கும் சிலேடை புரியும். ஆலன் ட்யூரிங்கின் மெஷினை ஊர் சுற்றக் கிளப்பிவிட்டார்கள்!)

அது செய்த வேலை இன்றைக்கு சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு மாயாஜாலம். கண்ணாடி வழியாக ஒரு கட்டடத்தைப் பார்த்தால், அந்தக் கட்டடத்தின் மேலேயே அதன் பெயர் மிதக்கும். தலையைத் திருப்பினால் அடுத்த கட்டடத்தின் பெயர். நீங்கள் நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். சொல்லிவிடும். எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதைத் தலையில் இருக்கும் உணர்கருவி சொல்லும். ஒரு பெயரைப் பார்வையின் நடுவில் சற்று நேரம் நிறுத்தினால் அது பளிச்சென்று ஒளிரும். 'ஓஹோ, ஐயாவுக்கு இந்தக் கட்டடம்தான் வேணும்போல' என்று மெஷின் புரிந்துகொள்ளும். அதற்குள் இருக்கிற டிபார்ட்மென்ட்டுகளைப் பட்டியல் போடும்.

சரி, ஒரு டிபார்ட்மென்ட்டைத் தேர்ந்தெடுத்தாச்சு. அதைப் பற்றிய விவரத்தை எங்கே படிப்பது? இங்கேதான் சிக்கல். அந்தக் காலத்துக் கண்ணாடித் திரையில் பொடி எழுத்தைப் படித்தால் கண் பூத்துவிடும். ஃபைனர் குழு என்ன செய்தது தெரியுமா? நீங்கள் தேர்ந்தெடுத்த பெயரின் நகல் ஒன்று அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். சுமார் ஒரு நொடியில் பார்வையின் அடிவிளிம்பைத் தாண்டி மறைந்துவிடும். 'சார், இனிமே கையைப் பாருங்க' என்று அர்த்தம். குனிந்தால், கையிலிருக்கும் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் தயாராகத் திறந்திருக்கும். அதில் பேனா மாதிரிக் குச்சியால் தொட்டுத் தொட்டுப் படிக்கலாம். அந்தக் கைக் கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு ட்ராக்பேடையும் ஒட்டிவைத்திருந்தார்கள். கண்ணாடியில் தெரியும் மெனுவை விரலால் நகர்த்துவதற்கு.

கண்ணிலிருந்து கைக்கு இறங்கிய அந்த ஒரு நொடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தத் துறையில் அதற்கப்புறம் பல ஆயிரம் கோடி ரூபாய் செலவழித்தவர்கள் பலர் மறைக்கப் பார்த்த உண்மையை, ஃபைனர் கூச்சப்படாமல் ஒத்துக்கொண்டார். கண்ணாடி மட்டும் போதாது. கையிலும் ஒன்று வேண்டும்!

இதற்கு நிஜமான ஆரம்பம் 1968. ஹார்வர்டில் ஐவன் சதர்லாண்ட், மாணவர் பாப் ஸ்ப்ரௌலோடு சேர்ந்து தலையில் மாட்டும் திரை ஒன்றைச் செய்தார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு குட்டி டி.வி. குழாய்கள். முன்னால் பாதி ரசம் பூசிய கண்ணாடி. அறையும் தெரியும், அறைக்கு நடுவே அந்தரத்தில் கோடுகளால் ஆன ஒரு கனசதுரமும் தெரியும். தலையை நகர்த்தினால் கனசதுரத்தின் இன்னொரு பக்கம் தெரியும். தலை எங்கே திரும்புகிறது என்று அளக்க, கூரையிலிருந்து ஓர் இரும்புத் தண்டு தொங்கி வந்து தலையோடு இணைந்திருந்தது. பார்க்கவே பயங்கரம். கிரேக்கக் கதையில் ஒற்றைக் குதிரை மயிரில் தலைக்கு மேல் வாள் தொங்க, சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பானே டமாக்ளிஸ், அவன் நினைவாக 'டமாக்ளிஸின் வாள்' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தண்டுக்கு வைத்த பெயர், பிற்பாடு மொத்தக் கருவிக்கும் ஒட்டிக்கொண்டது.

கனசதுரம் மிதக்கிறது, அழகாக இருக்கிறது. சரி, அப்புறம்? அதைத் தொட வேண்டாமா, பிடித்து இழுக்க வேண்டாமா? சதர்லாண்ட் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது இந்த ஆராய்ச்சியும் கூடவே போனது. அங்கே 1970-களின் முற்பகுதியில் டொனால்ட் விக்கர்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் அதற்குத் துணையாகக் கையில் பிடிக்கும் கோல் ஒன்றைச் சேர்த்தார். அந்தரத்தில் மிதக்கும் உருவங்களைக் கோலால் தொட்டு மாற்றலாம். மொத்த ஏற்பாட்டுக்கும் அவர் வைத்த பெயர் 'மந்திரவாதியின் சீடன்'. கண்ணாடி பிறந்து ஆறேழு வருஷத்துக்குள் கைக்கருவியும் பிறந்துவிட்டது!

'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ற பெயர் வந்தது ரொம்பத் தள்ளி, 1990 வாக்கில். வைத்தவர் விமான கம்பெனி போயிங்கின் டாம் காடெல். போயிங்குக்கு இதில் என்ன அக்கறை? ஒரு விமானத்துக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டவேண்டும். பெரிய பலகைகளில் ஆணி அடித்து, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, எந்த வயர் எந்த ஆணியைச் சுற்றிப் போகிறது என்று ஊழியர்கள் கையால் இழுத்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் புதுப் பலகை. காடெலும் டேவிட் மிசெலும் யோசித்தார்கள். ஒரே வெற்றுப் பலகை, ஊழியர் கண்ணில் ஒரு கண்ணாடி, வயர் போகவேண்டிய வழியைக் கண்ணாடியே காட்டட்டும்! 1992-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போயிங் ஊழியருக்கு இரண்டு கையிலும் வயர். அவருக்குக் கைக்கருவி கொடுத்தால் வைத்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. 'கைக்கு விடுதலை' என்ற கோஷம் நியாயமாகப் பொருந்துவது இவரைப் போன்றவர்களுக்குத்தான். அதே கோஷத்தைத் தெருவில் சும்மா கை வீசி நடக்கிறவரிடம் விற்கப் போனபோதுதான் வம்பு வந்தது.

எம்.ஐ.டி.யில் தாட் ஸ்டார்னர் 1993 முதல் கண் முன்னால் ஒரு குட்டித் திரையை மாட்டிக்கொண்டே வாழ ஆரம்பித்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் இல்லை. கிளாஸில், நடந்து போகும்போது, யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது. கம்ப்யூட்டர் இடுப்பில். கையில் 'ட்விட்லர்' என்ற ஒற்றைக்கை கீபோர்டு. உள்ளங்கையில் அடங்கும் கட்டை, நான்கு விரலுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பொத்தான்கள். நாதஸ்வரக்காரர் துளைகளைப் பொத்துகிற மாதிரி விரல்களைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் எழுத்து வரும். பேசுகிறவரைப் பார்த்தபடியே, கீழே கை தன் பாட்டுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும். கண்ணாடி விஷயத்தில் உலகிலேயே அதிக அனுபவம் உள்ளவர்களில் ஒருவர் அவர். அவரே கையிலிருந்து கட்டையை இறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

'கண் எங்கே பார்க்கிறதோ அதையே கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளக் கூடாதா, கை எதுக்கு?' என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தவர் உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் ஜேக்கப், கண்ணசைவால் கம்ப்யூட்டரை இயக்கிப் பார்த்து 1990-லேயே ஒரு வியாதியைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்தார். தொட்டதெல்லாம் பொன்னாகி, சாப்பிட முடியாமல் தவித்த மைடாஸ் ராஜா தெரியுமில்லையா? அது 'மைடாஸ் தொடுகை'. கண்ணுக்கு சும்மா இருக்கத் தெரியாது. வேண்டியதையும் பார்க்கும், வேண்டாததையும் பார்க்கும். பார்த்ததெல்லாம் 'க்ளிக்' ஆனால் என்ன ஆவது? டூரிங் மெஷினில் பெயரைச் சற்று நேரம் நிறுத்திப் பார்க்கவேண்டியிருந்ததும் இதனால்தான். கண் சுட்டிக் காட்டலாம். 'சரி' என்று சொல்ல வேறு உறுப்பு வேண்டும்.

அந்தரத்தில் கையை நீட்டிச் சொல்லலாமே? சொல்லலாம். பத்து நிமிஷம் கையைத் தூக்கியே வைத்துப் பாருங்கள், தோள் பதில் சொல்லும். நிமிர்ந்து நிற்கும் தொடுதிரைகள் வந்த காலத்திலேயே இந்த வலிக்கு 'கொரில்லா கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்து கூகுள். 2012-ல் வானத்திலிருந்து ஆட்களைக் குதிக்கவைத்து 'கிளாஸ்' கண்ணாடியை அறிமுகம் செய்தார்கள். 2013-ல் 1,500 டாலருக்கு ஆர்வலர்களிடம் விற்றார்கள். அந்த வருஷம் ஒரு மேடையில் செர்கே பிரின், குனிந்து போனைத் தேய்ப்பது ஆண்மைக்கு இழுக்கு என்கிற ரீதியில் பேசினார். ஆனால் வெளியே நடமாடும்போது கிளாஸுக்கு இன்டர்நெட் எங்கிருந்து வரும்? பையிலிருக்கும் அதே போனிலிருந்துதான்! (கிளாஸை அசல் ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பண்டிதர்கள் ஒத்துக்கொள்வதில்லை. கண் ஓரத்தில் தெரியும் ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான்.)

கிளாஸைக் கவிழ்த்தது தொழில்நுட்பக் குறை மட்டுமில்லை. பொதுஜனம் எரிச்சலடைந்தது வேறு காரணத்துக்கு. போனில் படம் எடுக்கிறவர் போனைத் தூக்கவேண்டும். தூக்கினால் எதிரே இருப்பவருக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், சண்டையாவது போடலாம். கண்ணாடிக்காரர் எப்போது என்ன செய்கிறார் என்று தெரிவதில்லை. 2013-லேயே சியாட்டில் நகரில் ஒரு பார், 'கிளாஸ் போட்டுக்கொண்டு உள்ளே வராதே' என்றது. 2015 ஜனவரியில் அந்த விற்பனையை கூகுள் நிறுத்தியது. தொழிற்சாலைகளுக்கான மாடல் மட்டும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தது. போயிங் ஊழியரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே... இரண்டு கையும் வேலையில் இருக்கிறவர்கள்தான் கடைசி வரைக்கும் வாங்கினார்கள்.

2016-ல் மைக்ரோசாஃப்ட்டின் 'ஹோலோலென்ஸ்' வந்தது. விலை 3,000 டாலர். கம்ப்யூட்டர், பேட்டரி எல்லாமே தலையில். கையில் ஒன்றும் வேண்டாம், காற்றில் விரலைத் தட்டினால் போதும் என்றார்கள். எடை 579 கிராம்! அரைக் கிலோவுக்கு மேல் நெற்றியில் உட்கார்ந்தால் எத்தனை நேரம் தாங்கும்? வேடிக்கை என்னவென்றால், பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பொத்தான் கருவியும் இருந்தது. காற்றில் தட்டிச் சலித்தவர்கள் விரலில் மாட்டி அழுத்திக்கொள்ள! அதற்கடுத்த மாடலும் வந்தது. 2024-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

ஃப்ளோரிடாவின் 'மேஜிக் லீப்' கதை தனியாக எழுதவேண்டியது. பள்ளிக்கூட ஜிம் தரையைப் பிளந்துகொண்டு திமிங்கிலம் துள்ளுகிற மாதிரி வீடியோ காட்டி, 200 கோடி டாலருக்கு மேல் முதலீடு வாங்கினார்கள். 2018-ல் பொருள் வந்தபோது திமிங்கிலத்தைக் காணோம். ஆனால் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தார்கள். கம்ப்யூட்டரையும் பேட்டரியையும் கண்ணாடியிலிருந்து பிரித்து, வட்டமான பெட்டியில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கையில் தனியாக ஒரு கண்ட்ரோலர். ஜப்பானின் எப்சன் இதை அதற்கும் முன்னால், 2011-லேயே சத்தமில்லாமல் செய்துவிட்டது. கண்ணாடியிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் உள்ளங்கைப் பெட்டி, பெட்டிக்குள் ஆண்ட்ராய்டும் பேட்டரியும், மேலே விரல் தேய்க்கும் பரப்பு. அதற்கு விளம்பரமும் இல்லை, திமிங்கிலமும் இல்லை.

கணக்கு ரொம்ப எளிமை. கம்ப்யூட்டர் வேலை செய்தால் சூடாகும். பேட்டரி கனக்கும். இரண்டையும் மூக்கிலும் காதிலும் ஏற்றினால் மனுஷன் தாங்கமாட்டான். எங்கேயாவது இறக்கி வைத்தாகவேண்டும். முதுகு, இடுப்பு, பாக்கெட், கை... இந்தத் துறையின் வரலாறே பெட்டியை உடம்பில் எங்கே ஒளிப்பது என்ற கதைதான்.

2024 செப்டம்பரில் மெட்டா கம்பெனியின் மார்க் ஸக்கர்பெர்க் 'ஓரியன்' என்ற மாதிரிக் கண்ணாடியை மேடையில் காட்டினார். 100 கிராமுக்கும் குறைவு. ஒரே ஆச்சரியம்! எப்படி? பாரத்தின் பெரும்பகுதி பாக்கெட்டில். வயரில்லாத தனிப் பெட்டி ஒன்றுதான் கனமான கணக்குகளைப் போடுகிறது. 'க்ளிக்' செய்ய மணிக்கட்டில் ஒரு பட்டை. விரலை அசைக்கும்போது மணிக்கட்டுத் தசைகளில் ஓடும் மின்துடிப்பை அது படித்துவிடும். கையைத் தூக்கவேண்டாம், தொடை மேல் வைத்தபடியே கட்டை விரலால் ஆள்காட்டி விரலைத் தொட்டால் போதும். கையில் இருந்த கருவி மணிக்கட்டுக்கு ஏறிவிட்டது. ஓரியன் விற்பனைக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பட்டை வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் மெட்டா, ஒரு கண்ணில் மட்டும் சின்னத் திரை வைத்த ரேபான் கண்ணாடியைப் பட்டையோடு சேர்த்து 799 டாலருக்கு அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. பாக்கெட்டில் போன் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

ஃபைனரின் ஆள் 18 கிலோ சுமந்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. ஸ்டார்னரின் கையில் கட்டை இருந்தது. எதிரே பேசுகிறவருக்கு 'இவர் ஏதோ எழுதிக்கொள்கிறார்' என்று தெரிந்தது. ரேபான்காரருக்கு மேஜைக்குக் கீழே இரண்டு விரல் லேசாகத் தொட்டால் போதும். படம் எடுத்தால் ஃபிரேமில் ஒரு சின்ன விளக்கு எரியும். வந்த மெசேஜைப் படித்தால் அதுவும் எரியாது. உங்கள் எதிரே உட்கார்ந்து, உங்கள் கண்ணையே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருப்பார்.