திமிங்கிலம் தேடும் தண்டையல்கள்

திருகோணமலைக்குச் சென்றவர்கள் கோணேசர் கோயில் பாறையின் விளிம்பில் நின்று கடலைப் பார்த்திருப்பார்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் அங்கு நின்றவர்களிற் சிலருக்குத் தொலைவில் வெள்ளைத் தூண் போல நீர்ப்புகை எழுந்து மறைவதும் தென்பட்டிருக்கும். உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளில் மிகப் பெரியதான நீலத் திமிங்கிலம் மூச்சு விடும் காட்சி அது. கோயில் வாசலில் நின்றவாறே இதைக் காணக்கூடிய ஊர்கள் உலகில் அதிகமில்லை.

காரணம் கடலின் அடியிற் கிடக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்தே பெரும் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலை நோக்கி இறங்குகிறது. மற்றைய இடங்களில் பல மைல் தூரம் சென்றால்தான் கிடைக்கும் ஆழம் இங்கு கரையை அண்டியே கிடைக்கிறது. திமிங்கிலத்தின் இரையும் அதன் பின்னே திமிங்கிலமும் கரைக்கருகில் வருவதற்கு இதுவே வழி செய்கிறது.

பாய்க்கப்பல் செலுத்திய தலைவனை எங்கள் வடகரையில் தண்டையல் என்பார்கள். 1938 இல் அன்னபூரணி என்ற கப்பலை அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் கரை வரை கொண்டு சேர்த்த வல்வெட்டித்துறைத் தண்டையல்களின் கதை பலரும் அறிந்தது. இன்று நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகோட்டியை யாரும் அப்பெயரால் அழைப்பதில்லை. ஆயினும் அவர் செய்வது அதே வேலைதான் என்பது என் எண்ணம்.

அவரது நாள் விடியுமுன்னரே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் கடற்காற்றும் ஏறும். அலையின் நுரைக்கும் திமிங்கிலத்தின் மூச்சுக்கும் வேறுபாடு தெரியாது போகும். பயணிகளுக்கு உயிர்காப்பு அங்கிகளை மாட்டிவிட்டு, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகைக் கிழக்கே விடுகிறார். பின்னர் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. நேராக உயர்ந்தெழும் தூண் நீலத் திமிங்கிலத்தினுடையது. முன்னோக்கி இடப்புறமாகச் சாய்ந்து சிதறினால் அது எண்ணெய்த் திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் முன்முனையில் இடப்பக்கமாக அமைந்திருப்பதே காரணம். நீலத் திமிங்கிலம் மூழ்கினால் பத்து நிமிடமளவில் மீண்டும் எழக்கூடும். எண்ணெய்த் திமிங்கிலமோ முக்கால் மணி நேரம் வரையும் காக்க வைக்கும். வாலடித்து மூழ்கிய இடத்தில் எண்ணெய் தெளித்தாற்போல் ஒரு வழுவழுப்பான வட்டம் நீர்மேல் நிற்கும். அது எந்தத் திசையிற் போயிருக்கும், எங்கே எழும் என்று கணித்து அதற்குப் பக்கவாட்டில் இயந்திரத்தைத் தணித்து நிற்பதில்தான் ஓட்டியின் திறமை இருக்கிறது. மீன் தேடிப் பழகிய கண்களுக்கு இது புதிய கல்வியன்று.

இந்தக் கடலின் செல்வத்தை உலகம் அறிந்துகொண்டது 1980களில். 1979 இல் சீஷெல்ஸ் நாட்டின் முன்மொழிவை ஏற்று, சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. அதையடுத்து ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளரின் தலைமையில் டியூலிப் என்னும் சிறிய பாய்மரக் கலம் இலங்கைக்கு வந்தது. 1984 வரை நீடித்த அந்த ஆய்வில் திருகோணமலைக் கடலின் நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் பதிவாகின. கொல்லாமலே திமிங்கிலத்தை ஆராய முடியும் என்று காட்டுவது அந்தப் பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. 1960களின் நடுப்பகுதியில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் 1,200க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் களவாகக் கொன்றன. சோவியத் ஒன்றியம் சிதறிய பின்னரே அந்த உண்மைக் கணக்கு வெளிவந்தது.

டியூலிப் இக்கடலில் உலவிய காலத்திலேயே 1983 யூலையும் வந்தது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கிழக்குக் கடல் போர்க்கடலாயிற்று. மீன்பிடிக்கும் நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடு. இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு. உல்லாசப் பயணியைத் திமிங்கிலம் காட்ட அழைத்துச் செல்வதை அந்நாட்களில் யார் நினைத்திருப்பார்? திமிங்கிலங்கள் தம்பாட்டுக்கு வந்து போயின. வலையோடு அவற்றைப் பார்த்தவர்கள் எழுதி வைக்கவில்லை.

இதனால் இத்தொழில் தெற்கிலே பிறந்தது. தெவுந்தரமுனைக்கு அருகிலும் கடல் சட்டென்று ஆழமாகிறது. ஆழிப்பேரலையால் அடிபட்டிருந்த மிரிஸ்ஸ என்ற மீன்பிடிக் கிராமம், 2008 அளவில் நீலத் திமிங்கிலம் காட்டும் ஊராகப் பெயர் பெறத் தொடங்கியது. கிழக்கில் அப்போதும் போர் ஓயவில்லை. 2009 இற்குப் பின்னரே திருகோணமலை ஓட்டிகளுக்கு இந்த வழி திறந்தது. முதலில் அறியப்பட்ட கடல் தொழிலில் பின்தங்கியது திமிங்கிலத்தின் குற்றமுமன்று, ஓட்டியின் குற்றமுமன்று.

பின்தங்கியதில் ஒரு நன்மையும் உண்டென்பேன். தெற்கில் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்தும் நிலை விரைவிலேயே உருவாகிவிட்டது. 2012 இல் கடல்வாழ் பாலூட்டிகளைப் பார்வையிடுவது பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. 100 மீற்றருக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கடதாசியில் எழுதுவது எளிது. பணம் கொடுத்துக் கையில் கமராவோடு நிற்பவர் இன்னும் கிட்டப் போகச் சொல்வார். பக்கத்துப் படகு கிட்டப் போய்விடும். போகாத ஓட்டியின் படகை மறுநாள் யாரும் தேடி வராமற் போகலாம். சட்டத்துக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள இத்தூரத்தை அளக்கும் அதிகாரி கடலில் எப்போதும் இருப்பதில்லை. ஓட்டி தானே அளக்க வேண்டியிருக்கிறது.

படகை மட்டும் பழி சொல்வதும் நியாயமன்று. தெவுந்தரமுனையை ஒட்டிச் செல்லும் கப்பற்பாதை உலகின் நெரிசல் மிக்க பாதைகளில் ஒன்று. அது திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தின் ஊடாகவே செல்கிறது. 2012 மார்ச்சில் கொள்கலக் கப்பல் ஒன்று, முன்முனையில் நீலத் திமிங்கிலமொன்றின் சடலம் மடிந்து தொங்கக் கொழும்புத் துறைமுகத்தினுள் வந்தது. பாதையைத் தெற்கே சுமார் 15 கடல் மைல் தள்ளினால் மோதல் ஆபத்து பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் கூறிவந்தார்கள். 2022 இல் உலகின் மிகப் பெரிய கொள்கலக் கப்பல் நிறுவனங்களுள் ஒன்று தன் கப்பல்களைத் தானாகவே அவ்வாறு விலக்கிக்கொண்டது.

கிழக்கின் பருவம் வேறு. தெற்கில் சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் வேளையில், திருகோணமலைக் கரையோரம் தரையின் மறைவில் அமைதியாயிருக்கும். அந்தச் சில மாத வருமானத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஆண்டைக் கடத்த முடியாது. முற்பகலில் பயணிகளை இறக்கிவிட்டு, படகைக் கழுவி, மாலையில் அதிலேயே வலையை ஏற்றிக்கொண்டு அதே ஆழத்துக்குத் திரும்பிச் செல்லும் ஓட்டிகளும் இருக்கிறார்கள்.