தமிழ் உள்ளீட்டுக் கருவிகளும் ஆர்வலர் சமூகமும்

கணினியில் தமிழைத் தட்டெழுத உதவும் மென்பொருள்களும், அவற்றின் விசைமுறைகளைத் தாமே எழுதித் திருத்திப் பகிர்ந்துகொண்ட ஆர்வலர்களின் வரலாறும் இங்கே பேசப்படுகின்றன. இதன் தொடக்கங்களில் ஒன்று மலேசியாவில் இருக்கிறது. முத்து நெடுமாறன் 1985இல் அங்கே உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள், பின்னர் ‘முரசு அஞ்சல்’ ஆனது. ஒலிப்பை ஒட்டி ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ் வரும் அதன் முறை ‘அஞ்சல்’ என்றே பெயர்பெற்று, பிறர் எழுதிய மென்பொருள்களிலும் இடம்பிடித்தது.

இக்கருவிகளின் தேவை மலேசியாவின் பேராக்கில் கண்கூடு. மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பலவும் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவை. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், போதிய பிள்ளைகள் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் ஈப்போ போன்ற பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. பள்ளிகள் நிலைத்தன. பேராக்கின் தஞ்சோங் மாலிமில் 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வி நிறுவனத்தில் தமிழாசிரியர்களும் பயில்கிறார்கள். தேர்வுத்தாளும் பயிற்சித்தாளும் தட்டெழுதும் ஆசிரியருக்குத் தமிழ் உள்ளீடு அன்றாடப் பிழைப்பின் கருவி.

1990களில் அந்தப் பிழைப்பு எளிதாக இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம், அதாவது எழுத்துகளுக்கு எண் தரும் முறை, வைத்திருந்தது. ஒரு கணினியில் எழுதிய பக்கம், அதே எழுத்துரு இல்லாத இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. ஆளுக்கொரு முறையை ஆக்கிக்கொள்ளும் சுதந்திரம் அன்று நிறையவே இருந்தது. அடியில் உடன்பாடு இல்லாததால் அது மக்களை ஒன்றுசேர்க்கவில்லை, பிரித்தது. இந்த வரலாற்றில் முதன்மையான பாடமாக எனக்குப் படுவது இதுதான்.

உடன்பாட்டைத் தேடிய முயற்சிகளில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய 1997ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு முதலில் வருகிறது. பல நாட்டு ஆர்வலர்கள் மடலாடி மடலாடி திஸ்கி குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் உருவானது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்த பன்மொழிக் குறியேற்றமான யூனிக்கோடு மெல்ல மெல்லப் பொது அடித்தளமாயிற்று. தமிழ்நாடு அரசு அதை ஏற்க 2010 ஆயிற்று.

அடித்தளம் ஒன்றான பிறகு மேற்பரப்பில் விசைமுறைகளின் பன்மை தீங்கு செய்யவில்லை. தமிழ்99இல் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகள் போதும். ‘ஈப்போ’ என்று எழுத நான்கே தட்டல்: ஈ, ப, ப, ஓ. ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளியை மென்பொருளே வைத்துவிடும். ‘சுங்கை’யில் ங-வும் க-வும் அடுத்தடுத்து வரும்போதும் அப்படியே. ‘மமதை’ போன்ற சொல்லில் புள்ளி வேண்டாமென்றால், முதல் ம-வுக்குப் பின் அ-வைத் தட்ட வேண்டும். அஞ்சல் முறையில் ‘ஈப்போ’வுக்கு ஆங்கிலத்தின் ஐ, பீ, ஓ மூன்றையும் இரண்டிரண்டு முறை தட்டுவார்கள். விசைகள் நான்கானாலும் ஆறானாலும், கோப்பில் சேர்வது ஒரே எழுத்து வரிசை.

இந்த விதிகளை எழுதுவதற்கு நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. லாவோ மொழிக்காக மார்க் டர்டின் 1990களில் உருவாக்கிய கீமேன் மென்பொருள், விசைமுறையைச் சாதாரண உரைக்கோப்பாக வைத்தது. இடப்பக்கம் தட்டும் விசை, வலப்பக்கம் வரவேண்டிய எழுத்து. வரிக்கு ஒரு விதி. லினக்சில் பயன்படும் எம்17என் நிரல் நூலகமும், கட்டற்ற மென்பொருள்களில் மூத்ததான ஈமேக்ஸ் தொகுப்பானும் இதே வழியில் நடக்கின்றன. கெனிச்சி ஹந்தா இவ்விரண்டிலும் உழைத்தவர். படித்துப் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய இத்தகைய கோப்பு, புதிதாக வருபவருக்கு எந்த அழைப்பையும்விட நல்ல வரவேற்பு. ஒரு வரியை மாற்றினால், அடுத்த நொடியில் விளைவைத் திரையில் காணலாம்.

முகுந்தராஜ் முன்னெடுத்த ‘தமிழா’ குழுவின் எ-கலப்பை என்ற உள்ளீட்டு மென்பொருள் முதலில் கீமேனைச் சார்ந்தே இயங்கியது. மூன்றாம் பதிப்பில் அது முழுதும் புதிதாக எழுதப்பட்டுத் திறமூலமாயிற்று. தமிழ்99, அஞ்சல் வழிப்பட்ட ஒலிப்பு முறை, தட்டச்சுப் பயிலகங்களில் கற்ற தட்டச்சு முறை, இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி, எல்லாவற்றுக்கும் அதில் இடமிருந்தது. வருபவர் கைப்பழக்கத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்று அது கேட்கவில்லை. தமிழ்99தான் திறமானது, மற்றவற்றை ஒழிக்கலாம் என்ற வாதம் பலமுறை எழுந்ததுண்டு. அந்த வாதம் வென்றிருந்தால், அஞ்சலில் தமிழைத் தொட்ட மலேசிய ஆசிரியர்களில் பலர் வெளியே நின்றிருப்பார்கள். பன்மையை விட்டுக்கொடுக்காமல் காத்த தன்னார்வலர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கீமேனை மொழிப்பணி செய்யும் எஸ்.ஐ.எல். நிறுவனம் 2015இல் ஏற்று, பின்னர் இலவசமாக்கியது; 2017இல் அது திறமூலமாயிற்று. ஆப்பிளின் மேக் கணினிகளில் அஞ்சலும் தமிழ்99உம் உடன் வருகின்றன. கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ் உள்ளீட்டுச் செயலி 2005 முதல் உண்டு. தனியே எதையும் நிறுவாமல் எழுத முடிவது பெரிய வசதிதான். ஆனால் உடன் வரும் விசைமுறையின் விதிக்கோப்பைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு பயனருக்கு இல்லை; எ-கலப்பையிலும் கீமேனிலும் அது உண்டு. தஞ்சோங் மாலிமில் ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்கள் ஒரு விதிக்கோப்பையாவது தம் கையால் எழுதிப் பழகினால், பேராக்கின் 134 பள்ளிகளிலும் விசைமுறையின் பிழையைத் திருத்தத் தெரிந்த ஒருவர் இருப்பார்.