ஹாஸ்பிட்டல் என்றொரு சத்திரம்

லண்டன் செல்சீ பகுதியில், தேம்ஸ் நதியோரம், ராயல் ஹாஸ்பிட்டல் இருக்கிறது. 1682இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் நிறுவியது. இன்றும் அங்கே வசிப்பவர்கள் ஓய்வுபெற்ற படைவீரர்கள். ஹார்ஷம் ஊருக்கு அருகே கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் இருக்கிறது. அது பள்ளிக்கூடம். 1552இல் லண்டனின் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தோன்றி, 1902இல் ஹார்ஷமுக்கு மாறியது. கவிஞர் கோல்ரிட்ஜும் கட்டுரையாளர் சார்லஸ் லாமும் லண்டனில் இருந்த காலத்தில் அதில் படித்தவர்கள்.

முதியோர் இல்லத்துக்கும் பள்ளிக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது? இவை தோன்றியபோது ஹாஸ்பிட்டல் என்ற சொல் மருந்தோடு மட்டும் கட்டுண்டிருக்கவில்லை. லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்றால் விருந்தினர். விருந்து கொடுப்பவரையும் அதே சொல் குறிக்கும். அதிலிருந்து பிறந்த 'ஹோஸ்பிட்டாலே', வந்தவர் தங்கும் இடம். இடைக்கால ஐரோப்பாவில் யாத்திரிகர், அநாதை, முதியவர், பிணியாளர் என ஆதரவு தேடி வந்த எல்லாருக்கும் அந்த ஒரு பெயரே போதுமானதாக இருந்தது. ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு இடம் கொடுத்து நோயாளிகளையும் பேணிய செயின்ட் ஜான் சபையினருக்கு 'ஹாஸ்பிட்டலர்' என்ற பெயர் வந்ததும் இப்படித்தான். போப் இரண்டாம் பாஸ்கல் அச்சபையை 1113இல் ஏற்றுக்கொண்டார்.

காலப்போக்கில் ஆங்கிலம், ஆதரவு தேடி வந்தவர்களைப் பிரித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்லை ஒதுக்கியது. ஹாஸ்பிட்டல் நோயாளிக்குப் போயிற்று. அதே லத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'ஹாஸ்டல்' ஆகி ஆங்கிலத்துக்குள் வந்தது; பின்னர் வழக்கொழிந்தது. அதை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு மாணவர் விடுதிக்கு அது நிலைத்த பெயராயிற்று. பிரெஞ்சில் அதே சொல் நடுவிலிருந்த 'ஸ்' ஒலியை இழந்து 'ஓத்தேல்' ஆனது. செல்வர்களின் நகர மாளிகைக்கும் பொதுக் கட்டடத்துக்கும் வழங்கியது. பாரிஸ் நகர மன்றம் இன்றும் ஓத்தேல் த வீல்தான். அந்த வடிவம் ஆங்கிலத்துக்குள் வந்து, 18ஆம் நூற்றாண்டில் வசதியான விடுதியைக் குறிக்கத் தொடங்கியது. ஹோட்டலும் ஹாஸ்டலும் ஒரே சொல்தான்; ஆங்கிலம் அதை இரண்டு முறை கடன் வாங்கியிருக்கிறது. தமிழில் நாம் ஹோட்டலைச் சாப்பாட்டுக்கடை ஆக்கிக்கொண்டது இன்னொரு கிளை.

இந்தக் குடும்பத்தில் என்னை மிகவும் நெகிழவைப்பது 'ஹாஸ்பைஸ்'. ஆல்ப்ஸ் மலையில், 2,469 மீட்டர் உயரமுள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில், பனியில் சிக்கிய வழிப்போக்கர்களைத் துறவிகள் காப்பாற்றித் தங்கவைத்த மடத்துக்கு அந்தப் பெயர். இன்று அந்தச் சொல் குறிப்பது, மரணத்தை நெருங்கியவர்களின் வலி தணித்துப் பேணும் இடத்தை. இப்பொருளுக்கு உலகறிந்த வடிவம் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர்; 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கினார். குணமாக்க முடியாதவரையும் விருந்தினராக வரவேற்கும் அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

வேர் இன்னும் ஆழமானது. 'ஹோஸ்பெஸ்' சொல்லுக்கு உறவான லத்தீனின் 'ஹோஸ்டிஸ்' முதலில் அந்நியன், பிறகு பகைவன். விருந்தினரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'கெஸ்ட்' பிறந்ததும் அதே வேரில்தான். பகைமை காட்டும் 'ஹாஸ்டைல்' பிறந்ததும் அதிலிருந்துதான். வாசலில் நிற்கும் முகமறியாதவன் விருந்தாளியா, எதிரியா என்ற பழைய கேள்விக்கு ஐரோப்பிய மொழிகள் இரண்டு விடைகளையும் சேமித்து வைத்திருக்கின்றன.

பழைய ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோருக்கு ஒரு வேண்டுகோள். ஹாஸ்பிட்டல் என்று கண்டவுடன் மருத்துவமனை என்று எழுதிவிடாதீர்கள். அங்கே யார் தங்கினார்கள் என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் சத்திரம் என்பதே சரியான சொல்லாக இருக்கும்.