ஊவாவில் ஒரு பகல்: கல்லும் புனலும்

பதுளை நகரின் நடுவே நிற்கும் முதியங்கனை விகாரையின் வெண்ணிறத் தாதுகோபத்தின்மீது இளவெயில் படும் வேளையிலேயே வாடகை வான்கள் புறப்பட ஆயத்தமாகிவிடுகின்றன. வெளிநாட்டார் சிலர், கொழும்பிலிருந்து வந்த குடும்பத்தார் சிலர், அவர்களுக்கு ஒரு வழிகாட்டி. பழஞ்சின்னங்களைக் காட்டி, நீர்வீழ்ச்சிகளில் நீராடவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவ்வழிகாட்டியின் பொறுப்பு. ஊவாவின் ஈராயிரம் ஆண்டுச் சரித்திரம் ஒரு பகலுக்குள் அடங்குவதன்று. ஆயினும் அவ்வொரு பகலிற் காணக்கூடியவை எவை, காட்டப்படாமல் விடப்படுபவை எவை என்று எண்ணிப் பார்ப்பது பயனற்ற வேலையாகாது.

முதியங்கனை, பௌத்தர்கள் போற்றும் பதினாறு புனிதத் தலங்களுள் ஒன்று. நமுனுகுலை மலைக்கு அதிபதியான இந்தகன் என்பான் அழைக்க, புத்தபெருமான் இங்கு எழுந்தருளினார் என்பது ஐதிகம். ஒன்பது சிகரங்களையுடைய அம்மலை, இன்றும் விகாரைக்குக் காவல் நிற்பதுபோலத் தென்கிழக்கில் தோன்றுகின்றது. வழிகாட்டிகள் இக்கதையைச் சுவைபடக் கூறுவர். ஆனால் அங்கிருந்து சிறிது தூரத்தில், பொது நூலக வளவில் நிற்கும் ஒரு கற்றூணிடம் அவர்கள் எவரையும் அழைத்துச் செல்வதில்லை. அந்தத் தூணோ ஊவாவின் தலைசிறந்த செல்வங்களுள் ஒன்று.

அத்தூண் முதலில் நின்ற இடம் பதுளை அன்று. 1857ஆம் ஆண்டில் ஜோன் பெயிலி என்னும் ஆங்கில அதிகாரி அதனை மகியங்கனைக்கு அருகே, சொரபொரக் குளத்தை அடுத்த காட்டிற் கண்டார். பின்னரே அது பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. பேராசிரியர் பரணவிதான அதனைப் படித்து வெளியிட்டார். தூணின் நான்கு முகங்களிலும் சிறிய எழுத்துகள் நெருங்கப் பொறிக்கப்பட்டுள்ளன. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் உதய மன்னன், மகியங்கனை விகாரைக்கு வந்திருந்தபோது, ஹோபிட்டிகமம் என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும் அவன் முன் சென்று முறையிட்டனர். முன்னைய அரசன் விதித்த ஒழுங்குகளை அதிகாரிகள் மீறி, முறையற்ற இறைகளைப் பறிக்கின்றனர் என்பது அவர்தம் முறைப்பாடு. மன்னன் அதனைக் கேட்டான். சந்தையில் எதற்குச் சுங்கம் கொள்ளலாம், எதற்குக் கொள்ளலாகாது, எந்த அளவைகளைக் கையாள வேண்டும் என்பனவற்றை வரையறுத்தான். அதனைக் கல்லிலே வெட்டுவித்தான்.

போரும் கொடையுமே கல்வெட்டுகளில் மிகுதியும் பேசப்படுவன. இங்கோ வெற்றிலையும் பாக்கும் விற்றவர்களின் குறை பேசப்படுகின்றது. அதிகாரியின் கொடுமைக்கு எதிராகச் சாதாரண மக்கள் வாய்திறந்தனர், அவர்கள் வாய்திறந்தது பதிவும் பெற்றது. ஒரு கோபுரத்தைக் காட்டிலும் இத்தகைய தூண் ஒன்று மேலான சின்னம் எனலாம். இதனைக் கடந்து நேரே நீர்வீழ்ச்சிக்கு விரையும் வான்களைக் குறைகூறிப் பயனில்லை. தூணில் நீராட முடியாதன்றோ!

நகரிலேயே நிற்கும் புனித மாற்கு ஆலயத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்பாருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பேர்பெற்ற இவ்வதிகாரி, 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். ஊர்மக்கள் இதற்குக் கூறும் விளக்கத்தை நேயர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பதுளை ஓயா அறுபத்துநான்கு மீற்றர் உயரத்திலிருந்து விழும் இடம் துன்ஹிந்தை. விழும் நீர் புகைபோல எழுந்து பள்ளத்தாக்கை மூடுதலால் அப்பெயர் வந்தது. சாலையிலிருந்து காட்டுவழியே ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு நடக்க வேண்டும். இங்கு கண்ணாற் கண்டு மகிழ்வதே தகும். வீழ்ச்சியின் அடியிலுள்ள மடுவும் வழுக்குப் பாறைகளும் நீராடத் துணிந்த இளைஞர்களைப் பலிகொண்டதுண்டு.

ஹாலிஎலையிலிருந்து கிளைவழியாகச் சென்றால் போகொடையின் மரப்பாலத்தைக் காணலாம். ஓடுவேய்ந்த கூரையுடன், இரும்பாணி ஒன்றும் இன்றி மரமுளைகளாற் பொருத்தப்பட்ட இப்பாலம், கல்லந்தை ஓயாவின் குறுக்கே, பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழியில் அமைந்தது. சுமை தூக்கிகளும் யாத்திரிகரும் இதன் நிழலில் அமர்ந்து இளைப்பாறியிருப்பர். பெரும்பாலான வான்கள் நேரமின்மையால் இதனை விட்டுவிட்டு, தெமோதரையின் சுழல்பாதைக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் விரைகின்றன. 1894இல் பண்டாரவளை வரை வந்த புகையிரதம், பதுளையை எட்டியது 1924இலேயாம். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மலையைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும் போடப்பட்ட பாதை அது. எஃகுச் சட்டங்கள் இன்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்த அவ்வொன்பது வளைவுகளின் முன் நின்று புகைப்படம் எடுக்காதார் இல்லை.

எல்லவை அடைந்ததும் வழிகாட்டியின் குரல் உயர்கின்றது. இது இராவணனின் தேசம். இந்தக் குகையிலே சீதை சிறையிருந்தாள். இந்த அருவியிலே நீராடினாள். இக்கதைகள் மக்களின் செல்வம். அவற்றைப் பழிப்பது அறிவுடைமையாகாது. ஆயினும் கதையைச் சரித்திரம் என்று விற்பது வேறு. அக்குகை தன்னளவிலேயே வியப்புக்குரியது. கல்லைச் சீவிக் கருவி செய்து, வேட்டையாடி உண்டு வாழ்ந்த தொல்மனிதர் அங்கே தங்கியிருந்தனர் என்பதை அகழ்வாய்விற் கிடைத்த கருவிகளும் எலும்புகளும் காட்டின. இராமகாதை தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு அடுப்பு மூட்டிய மனிதனின் பெயரைச் சொல்லுவார் எவருமிலர்.

இராவணன் அருவியின் அடியில், சாலையோரத்திலேயே மக்கள் நீராடுகின்றனர். பழஞ்சிதைவும் நீராட்டமும் ஒரே பகலிற் கூடுவது ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. உலகின் மறுகோடியில், மெக்சிக்கோ நாட்டின் யுக்கத்தான் தீபகற்பத்தில், மாயர் எழுப்பிய சிச்சென் இட்சா நகரின் படிக்கட்டுக் கோபுரத்தைக் கண்டபின், அருகேயுள்ள ஆழ்ந்த இயற்கைக் கேணிகளில் குளிப்பது பயணிகளின் வழக்கம். யுக்கத்தானின் வடபகுதி சுண்ணக்கல் நிலம். அங்கே மண்மேல் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் நிலத்துள் இறங்கி, பாறையைக் கரைத்து, மேற்கூரை இடிந்தபோது கேணிகள் தோன்றின. அந்நீரை நம்பியே மாயரின் நகரங்கள் எழுந்தன. சிச்சென் இட்சாவின் பெருங்கேணியில் மழைத்தெய்வத்துக்குப் பொன்னும் பச்சைக்கல்லும் மனித உயிரும் காணிக்கையாயின. மாயர் மறைந்தொழிந்த இனத்தார் என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. இலட்சக்கணக்கான மாயர் இன்றும் தங்கள் மொழிகளைப் பேசி அங்கே வாழ்கின்றனர். தம் முன்னோரின் கோபுர வாயிலில் கைவினைப் பொருள்களை விற்போர் பலரும் அவர்களே. சிதைவைக் காண வந்தவர்கள், பக்கத்தில் நிற்கும் உயிருள்ள மனிதரைக் காணாமற் போவது எங்கும் நிகழ்வது.

எல்லவிலிருந்து சாலை வளைந்து வளைந்து இறங்க, குளிர் நீங்கி வெப்பம் ஏறுகின்றது. வெல்லவாயச் சமவெளி தோன்றுகின்றது. 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, பதுளையை எரித்துத் திரும்புகையில், தன் படையிலிருந்த சிங்கள வீரர் கண்டியர் பக்கம் சேர்ந்துவிட, இப்பகுதியிலே இரந்தெனிவெலவில் வெட்டுண்டு வீழ்ந்தான். அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1817இல் வெல்லச மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். கிளர்ச்சியை அடக்கியவர்கள் வீடுகளைக் கொளுத்தினர், பயிரை அழித்தனர், கால்நடைகளைக் கொன்றனர். நெல் விளைந்த நிலம் பற்றைக் காடாயிற்று. வழியெங்கும் காணும் உடைந்த குளக்கட்டுகள் அனைத்தையும் காலத்தின் கணக்கிலே எழுதிவிட முடியாது.

வெல்லவாயவுக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தூரத்தில், காட்டின் நடுவே, புதுருவாகலை. ஒரு பெரும் பாறையின் முகத்தில் ஏழு திருவுருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. நடுவில் அபயகரத்துடன் நிற்கும் புத்தரின் உயரம் ஐம்பத்தோரடி. ஒருபுறம் அவலோகிதேசுவரரும் தாரையும், மறுபுறம் மைத்திரேயரும் வச்சிரபாணியும் அவர்தம் குழுவினரும். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் ஆக்கப்பட்டவை இவை என்பர் ஆய்வாளர். அவலோகிதரின் மேனியில் அன்று பூசிய வெண்சுதை இன்றும் ஒட்டியிருக்கின்றது. புத்தரின் ஆடையில் செம்மஞ்சள் வண்ணத்தின் சாயல் எஞ்சியிருக்கின்றது. இலங்கையில் தேரவாதமே எக்காலத்தும் நிலவியது என்று எண்ணியிருப்பார்க்கு இப்பாறை ஒரு மறுமொழி. மகாயானம் இங்கே ஓங்கியிருந்தது. கடல்வழியே நாடுகளைக் கடந்து வந்த வணிகரும் துறவியரும் அதனைக் கொணர்ந்தனர்.

தமிழர்க்கு இங்கு ஓர் உறவும் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூலின் பாயிரம், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடத்து என்று கூறுகின்றது. சிவபெருமான் தந்த தமிழ் என்று படித்துவந்தோர்க்கு இது புதுமையாய்த் தோன்றலாம். தமிழாசான் எனத் தமிழ்ப் பௌத்தர் போற்றிய அப்பெருமானின் நெடிய உருவம் ஊவாக் காட்டிலே நிற்கின்றது என்பதைத் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார் வேண்டும். பழைமை எல்லாம் பிறர்க்குரியது, தமக்குரியது தேயிலைச் செடி ஒன்றே என்னும் எண்ணம் அவர்களிடத்தே வேரூன்றியிருக்கின்றது.

பிற்பகலில் வான் தியலுமையை அடைகின்றது. இருநூற்றிருபது மீற்றர் உயரமுள்ள இவ்வருவி இலங்கையின் இரண்டாவது பெரிய நீர்வீழ்ச்சி. சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்துப் போய்விடுவது முன்னாளைய வழக்கம். இப்போது பயணிகள் விரும்புவது அருவியின் தலைப்பகுதி. அங்கே, புனாகலை ஓயா விளிம்பை அடையுமுன், பாறைகளில் படிப்படியாக மடுக்களைக் குடைந்துள்ளது. நீர் பளிங்குபோலத் தெளிந்தது, மலைக்குளிர் உடையது. ஒரு மடுவிலிருந்து அடுத்த மடுவுக்கு இறங்கி நீந்திக்கொண்டே சென்றால், திடீரென்று முன்னே ஒன்றுமில்லை; தாழ்நிலம் தெற்கே கடல்வரை விரிகின்றது. இங்கு வழிகாட்டுவோருள் பலர் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள். எந்தப் பாறை வழுக்கும், மேல்மலையில் மழை பெய்தால் எத்துணை விரைவில் வெள்ளம் வரும் என்பதை அவர்கள் அறிவர். அவர்கள் சொல் கேளாது விளிம்புக்குச் செல்லுதல் மடமை.

மடுக்களுக்குச் செல்லும் வழி தேயிலைத் தோட்டங்களின் அயலே அமைந்தது. 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தின் பின் இம்மலைகள் முடிக்குரிய நிலமாகி, தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. முதலிற் கோப்பி; 1869இற் கண்ட இலைநோயால் அது அழிய, பின்னர் தேயிலை. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையிலிறங்கி, காடுகளினூடே நடந்து வந்தவர்கள் கங்காணிகளின் கீழ் இச்சரிவுகளை வெட்டித் திருத்தினர். வழியில் வாந்திபேதியால் வீழ்ந்தவர்க்குக் கல்லும் இல்லை, கல்வெட்டும் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர்க்கு வழி திறந்த சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. ஹோபிட்டிகமத்து வணிகர்க்கு ஒரே பயணத்திற் கிடைத்த நீதி, இவர்களுக்குக் கிடைக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

மாலை மங்கும்போது வான் கொஸ்லந்தை வழியே மலையேறுகின்றது. நீராடிய களைப்பில் பயணிகள் கண்ணயர்ந்துவிடுவர். வழிகாட்டியும் பேச்சை நிறுத்திவிடுவார். சாலைக்கு மேலே, மலைச்சரிவிலே, மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, நாட்கணக்கிற் பெய்த மழைக்குப் பின், மலை பெயர்ந்து அத்தோட்டத்து லயங்களின்மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். பலரின் உடல்கள் மண்ணிலிருந்து எடுக்கப்படவே இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் வெளியேறுவோர் குடியேற வேறு நிலம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. புதிய வீடுகள் எழுந்தது பேரழிவுக்குப் பின்னரே.

மண் சரிந்த அவ்வேளையிற் பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்தனர். அதனால் அவர்கள் தப்பினர். அன்று பகல் அவர்கள் திரும்பி வந்தபோது, லயம் இருந்த இடத்தில் ஈரச்சேறு மட்டுமே இருந்தது.