தோளோடு தோள் அமர்ந்தவர்கள்: நல்லவாட்டின் கூடமும் ஒலிபெருக்கியும்

புறநானூற்றின் 52ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். போரில் ஒரு நாடு பாழாகிவிட்டது என்பதை எதைக் கொண்டு காட்டுவீர்கள்? எரிந்த வீடு, இடிந்த மதில், தீய்ந்த வயல் என்று விடைகள் வரும். மருதன் இளநாகனார் இவற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு பொதியிலைக் காட்டுகிறார். அங்கே வழிபாடு நின்றுபோயிற்று. நரைத்த முதியவர்கள் அமர்ந்து சூதாடிச் சூதாடித் தரையில் விழுந்த குழிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அந்தக் குழிகளில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது.

முதியவர்கள் கூடியமர்ந்து பொழுது போக்கும் இடம் இல்லாமற்போவதே ஊர் அழிந்ததற்கு அடையாளம் என்று ஒரு புலவருக்குத் தோன்றியிருக்கிறது. சூதாட்டம் அறநூல்கள் கடிந்த செயல்தான். ஆயினும் அந்தக் குழிகள் பல தலைமுறைகள் அங்கே கூடியமர்ந்திருந்தன என்பதற்குச் சான்று. மன்றம், பொதியில், அம்பலம் என்று பல பெயர்களால் வழங்கிய அந்த இடங்களில் வழக்கும் தீர்ந்தது, வழிப்போக்கரும் தங்கினர், ஊர்ச்செய்தியும் பரவியது. பின்னாளில் சாவடியும் திண்ணையும், இருபதாம் நூற்றாண்டில் தேநீர்க்கடையும் முடிதிருத்தும் நிலையமும் இயக்கங்களின் படிப்பகங்களும் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு விவாதித்த காலம் நம் தந்தையர் காலம்தான்.

நெய்தல் நிலத்தில் இந்த மன்றம் வேறு வடிவம் கொண்டது. அங்கே அது வெறுங்கையோடு அமரும் இடமன்று. கடலுக்குப் போகாத நாளில் பரதவர் மணல்மேட்டில் கூடி உண்டு மகிழ்வதையும், சுறாவின் கொம்பை நட்டு வழிபடுவதையும், குடிசைகளின் முன்னே வலை உலர்வதையும் பட்டினப்பாலை விரிவாகச் சொல்கிறது. வலை எங்கே காய்கிறதோ அங்கேதான் ஆண்கள் இருப்பார்கள். சோழமண்டலக் கடற்கரையில் இன்றும் இதுதான் நிலை.

*

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே போனால் அரியாங்குப்பம், அதைத் தாண்டித் தவளக்குப்பம். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கடலோரத்தில் நல்லவாடு. இந்தக் கரையின் எந்த மீனவர் ஊருக்குப் பிற்பகலில் சென்றாலும் ஒரு காட்சி தவறாது. ஓலைக் கொட்டகையிலோ, தூண்கள் மட்டுமே கொண்ட காங்கிரீட் கூடத்திலோ ஆண்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியில் நைலான் நூலைக் கோத்து, அறுந்த கண்களை ஒவ்வொன்றாக முடிவார்கள். நண்டு வலை, இறால் வலை என்று ஒவ்வொன்றுக்கும் கண்ணின் அளவு வேறு, நூலின் பருமன் வேறு.

இந்த வேலையின் உள்ளே ஒரு வரலாறு மாறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வலை என்பது பருத்தி நூலும் சணல் நாரும்தான். உப்புநீரில் அவை விரைவில் மட்கும். அதனால் பனிச்சங்காய்ச் சாற்றிலோ மரப்பட்டைச் சாற்றிலோ அவ்வப்போது தோய்த்து உலர்த்த வேண்டும். ஊரே சேர்ந்து செய்யும் வேலை அது. நைலான் வந்தபின் தோய்ப்பது ஒழிந்தது. கட்டுமரம் போய் இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகு வந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் வந்த நிவாரணம் இந்த மாற்றத்தை இன்னும் விரைவுபடுத்தியது. ஆனால் கிழிந்த வலையைக் கையால் முடிவதற்கு மட்டும் மாற்று வரவில்லை. பாறையில் சிக்கியும் நண்டு கடித்தும் வலை கிழிந்துகொண்டே இருக்கும்வரை அந்தக் கூடமும் இருக்கும்.

அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அன்று அதிகாலையில் கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் இருப்பார்கள். கூடவே, இனிக் கடலுக்குப் போக முடியாத முதியவர்கள் இருப்பார்கள். அலையை மீறிப் படகைத் தள்ளும் வலு தோளில் இல்லை. விரல்களில் முடிச்சு மட்டும் மறக்கவில்லை. பேரன் வயதுப் பையன் ஒருவன் அருகில் அமர்ந்து கற்றுக்கொண்டிருப்பான். வாடை எப்போது திரும்பும், சோழகம் வீசினால் எந்த மீன் கரையண்டும், யார் வீட்டுக் கடன் எவ்வளவு, எந்த ஊரோடு என்ன தகராறு, எல்லாம் அங்கே பேசப்படும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசப்படும். எல்லாருடைய கண்ணும் வலையில் இருக்கும்.

*

முகம் பார்க்காமல் பேசுவது என்று சொன்னேன். இதே இயல்பை அடிப்படையாக வைத்துக் கடல் கடந்த ஒரு நாட்டில் ஓர் இயக்கமே தோன்றியிருக்கிறது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகை ஆண்களுக்கு உரியதாகக் கருதப்படுவது. தச்சுக் கருவிகள், பழைய இயந்திரங்கள், தனிமை. ஓய்வு பெற்ற ஆண்கள் அந்தத் தனிமையில் மெல்ல நோயுறுவதைக் கண்ட சிலர், கொட்டகையைப் பொதுவாக்கினால் என்ன என்று எண்ணினார்கள். 1993இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வா என்ற ஊரில் முதியோருக்கென அப்படி ஒரு கொட்டகை தொடங்கியது. 1998இல் விக்டோரியா மாநிலத்தின் டொங்காலாவில் ‘ஆண்கள் கொட்டகை’ என்ற பெயருடனேயே ஒன்று திறக்கப்பட்டது. 2007இல் நாடளாவிய சங்கம் அமைந்தது. 2010இல் ஆஸ்திரேலிய அரசு வெளியிட்ட ஆண்கள் நலக் கொள்கை இவற்றுக்கு ஆதரவளித்தது. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இன்று இத்தகைய கொட்டகைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

அங்கே நடப்பது எளிய காரியம். நாற்காலி பழுது பார்க்கிறார்கள், பள்ளிக்குப் பொம்மை செய்து கொடுக்கிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள். ‘உன் மனத்தில் என்ன வருத்தம்’ என்று எதிரே உட்கார்ந்து கேட்டால் ஆண் வாய் திறக்கமாட்டான். பக்கத்தில் நின்று ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தால் தானே சொல்லிவிடுவான். இதுவே அந்த இயக்கத்தின் கண்டுபிடிப்பு. இதைப் படித்தபோது நல்லவாட்டுக் கரையின் வலைக்கூடங்கள் நினைவுக்கு வந்தன. அவர்கள் இழந்து, தேடி, மீண்டும் கட்டிக்கொண்ட ஒன்றை இந்தக் கரை இழக்காமலே வைத்திருக்கிறது. நம்மிடம் அதற்குக் கொள்கை ஆவணமோ தனிப்பெயரோ இல்லை, அவ்வளவே.

*

ஆனால் கூடம் என்பது மனநலத்துக்கு மட்டும் உரிய இடமன்று. அது செய்தி நடமாடும் வழி. இதற்கு நல்லவாடே உலகறிந்த சான்று.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கனடா நாட்டு வளர்ச்சி ஆய்வு மையமொன்றின் உதவியுடன் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூர் அதற்கு நடுவிடம். அங்கிருந்து வானொலி அலைவழியாகக் கிராமங்களுக்குத் தகவல் போகும். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலம் அது. மின்சாரத்தையும் முழுதும் நம்ப முடியாமல் சூரியத் தகடுகளைத் துணைக்கு வைத்தார்கள். நெல் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவ விவரங்கள் எல்லாம் தமிழில் கிடைத்தன. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஓர் இதழும் வெளிவந்தது. மையத்துக்கு ஊர் இடம் தர வேண்டும், சாதியோ பாலோ பாராமல் யாரும் உள்ளே வர வழியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்தில் பெண்களே மையத்தை நடத்தினார்கள்.

மீனவர் ஊர்களின் தேவை வேறு. அங்கே முதன்மையான செய்தி அலையின் உயரம். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை முன்னறிவிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தார்கள். கரையில் வலை முடிபவர்கள் அமர்ந்த இடத்திலிருந்தே கேட்கலாம். நல்லவாட்டு மையத்திலும் கடல் நிலையை அறிவிக்கும் ஒலிபெருக்கி இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நில நடுக்கம். அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் செய்தி கேட்டு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். எடுத்தவர் அவருடைய சகோதரி. கடல்நீர் வீட்டுக்குள் வருகிறது என்று அவர் சொன்னார். உடனே வெளியேறு, மற்றவர்களுக்கும் சொல் என்றார் இளைஞர். செய்தி கைமாறியது. தகவல் மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள், சங்கொலி எழுப்பினார்கள். ஏறத்தாழ 500 குடும்பங்கள், 3,600க்கும் மேற்பட்ட மக்கள், ஊரை விட்டு ஓடி உயிர் தப்பினர். 150 அளவில் வீடுகளும் 200 அளவில் படகுகளும் அழிந்தன என்று அன்றைய அறிக்கைகள் கூறின. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அன்று இறந்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் கரையைச் சேர்ந்தவர்கள்.

இந்தக் கதையைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று உலகம் எழுதியது. அது பாதி உண்மை. ஒலிபெருக்கி தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் எல்லா ஊரிலும் கட்டப்படுகிறது. அதில் ஒருவர் ‘ஓடுங்கள்’ என்று கத்தினால் ஓர் ஊர் முழுதும் கேள்வி கேட்காமல் ஓடுமா? ஓடியதற்குக் காரணம் பழக்கம் என்றே நான் கருதுகிறேன். அந்தக் கருவியின் குரல் நாள்தோறும் கடலைப் பற்றிச் சொன்னது; கேட்டவர்கள் மறுநாள் கடலில் அதைச் சரிபார்த்தார்கள். நம்பிக்கை அப்படித்தான் கண் கண்ணாக முடியப்பட்டது. பேரிடர் நாளில் அந்த வலை அறுந்துபோகவில்லை.

*

இந்தப் பெருமையோடு இரண்டு உறுத்தல்களையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, இந்தக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்து காலங்காலமாக ஆண்களின் அவை. வயது வந்த ஆண்கள் வரி கட்டி ஊரின் உறுப்பினராவார்கள். பெண்ணுக்கு அந்த அவையில் தனி இடம் கிடையாது. மீனை ஏலத்தில் எடுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றுக் குடும்பத்தைக் காப்பவர் பெண். ஆனால் எந்த வலை கூடும், எது கூடாது என்ற முடிவில் அவர் குரல் இல்லை. இப்படிப்பட்ட கரையில், 2004இன் அந்தக் காலையில் சிங்கப்பூர்ச் செய்தியை முதலில் பெற்றவரும், வீட்டுக்குள் வந்த நீரைக் கண்டு சொன்னவரும், ஊருக்கு எச்சரிக்கையைக் கொண்டு சேர்த்த சங்கிலியின் முதல் கண்ணியும் ஒரு பெண். கதவை உடைத்த கைகளைப் புகழும்போது இதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, கூடி அமர்வோர் கூடிச் சண்டையிடவும் முடியும். 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலை தொடர்பாக நல்லவாட்டு மீனவர்களுக்கும் வீராம்பட்டினத்து மீனவர்களுக்கும் மோதல் மூண்டு, காவல்துறை வானத்தை நோக்கிச் சுட்டுக் கூட்டத்தைக் கலைக்க நேர்ந்தது. இரண்டும் ஒரே தகவல் வலையத்தில் இருந்த ஊர்கள், ஒரே கடலின் அலைச்செய்தியைக் கேட்டு வளர்ந்த ஊர்கள். ஓர் ஊரின் ஒற்றுமையை வளர்க்கும் அதே கூடம் அடுத்த ஊரைப் பகையாகவும் காட்டிவிடும். இரண்டு ஊராரும் ஒன்றாக அமர்ந்து வலை முடியும் கூடம் எதுவும் இல்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

*

ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகம், புதுச்சேரிக் கரையெங்கும் மறுசீரமைப்பு நிதியில் வலை பின்னும் கூடங்களும் மீன் ஏலக் கூடங்களும் கட்டப்பட்டன. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தில் 2007 அக்டோபரிலிருந்து ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இயங்குகிறது. அலையின் உயரமும் காற்றின் வேகமும் இப்போது ஒவ்வொருவர் கைபேசிக்கும் வருகின்றன. இவையெல்லாம் வேண்டியவையே. ஒரு சகோதரன் வெளிநாட்டிலிருந்து அழைப்பதை நம்பி ஊர்கள் இருக்கக்கூடாது.

ஆயினும் கைபேசிச் செய்தி தனித்தனி ஆளுக்கு வருகிறது. அதைப் படித்தவன் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல, பக்கத்தில் ஒருவன் இருக்க வேண்டும். என் மாணவர்களில் கடலோர ஊர்களிலிருந்து வருபவர்கள் சிலர் உண்டு. தாத்தாவுக்கு வலை முடியத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், எனக்குத் தெரியாது என்கிறார்கள். படித்து வேறு வேலைக்குப் போகட்டும்; அதில் வருந்த ஏதுமில்லை. முடிச்சைக் கற்காமற்போவதை விட, முடிச்சு முடியும் சாக்கில் முதியவர் அருகில் அமராமற்போவதே இழப்பு. வேலை போனபின் அமர இடமில்லாத ஆணுக்குப் புதுச்சேரியில் எளிதாகத் திறந்திருக்கும் கதவு எது என்பது நாம் அறிந்ததே.

2004இல் நல்லவாட்டு மையத்தின் கதவை உடைக்க வேண்டியிருந்தது என்பதையே நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அன்று உடைக்க ஆட்கள் இருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எப்படி இயக்குவது என்று தெரிந்தும் இருந்தார்கள். பொதுவிடம் கட்டுவது அரசால் ஆகும். அதன் கதவு எங்கே இருக்கிறது என்று ஊருக்கு மறக்காமல் பார்த்துக்கொள்வது, நாள்தோறும் அங்கே போய் அமர்கிறவர்களால் மட்டுமே ஆகும். பொதியிலின் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுவதற்கு ஒவ்வொரு முறையும் போர் வரவேண்டும் என்பதில்லை.