‘கோப்பு கிடைக்கவில்லை’: அமெரிக்கப் படையின் விருதுப் பதிவுகளும் அவற்றைத் திருத்தக் கோருவோரும்

1965ஆம் ஆண்டு ஜூன் 17, 18 ஆகிய நாட்களில், வியட்நாமின் போங் சோன் பகுதியில், கேப்டன் பாரிஸ் டேவிஸ் ஏறத்தாழ 19 மணி நேரம் போரிட்டார். அமெரிக்கச் சிறப்புப் படையின் முதல் கறுப்பின அதிகாரிகளுள் அவரும் ஒருவர். உடலெங்கும் காயம்பட்டிருந்தும், களத்தில் விழுந்துகிடந்த தம் வீரர்களை மீட்கும்வரை அங்கிருந்து வெளியேற மறுத்தார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனருக்கு அவருடைய மேலதிகாரி பரிந்துரை எழுதினார். அந்தக் கோப்பு காணாமல் போயிற்று. 1969இல் விசாரித்தபோது கோப்பு எங்கும் இல்லை என்பது தெரிந்தது. மீண்டும் எழுதியனுப்புமாறு உத்தரவிடப்பட்டது. இரண்டாம் கோப்பும் காணாமல் போயிற்று. டேவிஸ் கர்னலாகப் பணியாற்றி 1985இல் ஓய்வுபெற்றார். உடன் போரிட்டவர்களும் தன்னார்வலர்களும் பல்லாண்டு முயன்று சான்றுகளை முதலிலிருந்து திரட்டிய பின்னரே, 2023 மார்ச் 3 அன்று, தம் 83ஆம் வயதில், அவர் அந்தப் பதக்கத்தைப் பெற்றார்.

ஒரு கோப்பு தொலைவதை அலுவலகத் தவறு என்று கொள்ளலாம். அதே மனிதரின் கோப்பு இருமுறை தொலையும்போது அதை எப்படி அழைப்பது என்ற கேள்வி எழுகிறது. இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருப்பது அந்தக் கேள்வியின் நிர்வாகப் பக்கத்தை. தம் விருதுப் பதிவு தவறானது என்று ஒரு முன்னாள் படைவீரர் கூறினால், அதைத் திருத்த என்ன வழி இருக்கிறது? அந்த வழி யாரிடம் எதைச் சான்றாகக் கேட்கிறது?

அமெரிக்கப் படையிலிருந்து விடுபடும் ஒவ்வொருவருக்கும் டிடி 214 என்னும் படிவம் வழங்கப்படுகிறது. பணிக்காலம், பதவி, விடுவிப்பின் தன்மை, பெற்ற பதக்கங்கள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். ஓய்வூதியம், மருத்துவம், வேலைவாய்ப்பு, இறுதி அடக்கம் வரை எல்லாவற்றிற்கும் இதைத்தான் கேட்பார்கள். நம் ஊரில் சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குபவர்களுக்கு ஒற்றைத் தாளின் அதிகாரம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தாளில் ஒரு வரி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு முதல் உலகப் போரின் சார்ஜென்ட் ஹென்றி ஜான்சன் சாட்சி. 1918 மே மாதம், பிரான்சின் ஆர்கோன் காட்டில், எதிரிக் குழுவொன்றைக் கைக்கத்தியோடு எதிர்த்து நின்ற அவருக்குப் பிரெஞ்சு அரசு உயரிய பதக்கம் அளித்தது. அவருடைய விடுவிப்புப் பதிவிலோ, அவர் பட்ட காயங்களைப் பற்றிய குறிப்பே இல்லை. காயம் பதிவில் இல்லாததால் ஊனத்துக்கான உதவியும் கிட்டவில்லை. வறுமையில் 1929இல் இறந்தார். பர்ப்பிள் ஹார்ட் 1996இலும் மெடல் ஆஃப் ஆனர் 2015இலும் அவர் பெயருக்கு வந்தன.

இத்தகைய பிழைகளைத் திருத்துவதற்கென ஒவ்வொரு படைப்பிரிவிலும் ஒரு பதிவுத் திருத்த வாரியம் உண்டு. 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக இவை உருவாயின. அதற்கு முன்னர் ஒரு வீரரின் பதிவைத் திருத்த நாடாளுமன்றமான காங்கிரசில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. செல்வாக்குள்ள உறுப்பினரை அறிந்தவருக்கே அந்தக் கதவு திறந்தது என்பது சொல்லாமலே விளங்கும். வாரியத்தில் அமர்வோர் சீருடை அணியாத குடிமைப் பணியாளர்கள். “பிழையைத் திருத்துதல்”, “அநீதியை நீக்குதல்” என இரண்டு அதிகாரங்களைச் சட்டம் அவர்களுக்கு அளிக்கிறது. இந்த இரண்டாவது அதிகாரத்தை மாணவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். விதிப்படி சரியாக நடந்த ஒன்றும் அநீதியாக இருக்கக்கூடும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ளும் இடம் அது.

விண்ணப்பம் டிடி 149 என்னும் படிவத்தில் அளிக்கப்படுகிறது. வீரர் இறந்துவிட்டிருந்தால் சட்டபூர்வ வாரிசு அளிக்கலாம். பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனினும் நீதியின் பொருட்டு வாரியம் இந்தக் காலவரம்பைத் தளர்த்தலாம். இதற்குமுன் கீழ்நிலை அலுவலகங்களில் முறையிட்டுப் பார்த்திருக்க வேண்டும். வாரியம் ஏற்றுக்கொண்டால், பழைய டிடி 214இல் உள்ளதை அழிப்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் டிடி 215 என்னும் திருத்தத்தாள் இணைக்கப்படுகிறது.

வாரியம் தன் விசாரணையை ஓர் அனுமானத்திலிருந்து தொடங்குகிறது: நிர்வாகம் தன் கடமையை ஒழுங்காகச் செய்தது என்பதே அது. அதைப் பொய்யென்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஒரு போர்முனையில் பணியாற்றிய அனைவருக்கும் உரிய பதக்கம் விடுபட்டிருந்தால் சிக்கல் சிறிது; படைப்பிரிவு அங்கிருந்ததைக் காட்டினால் போதும். பர்ப்பிள் ஹார்ட்டுக்கு எதிரியின் செயலால் காயம்பட்டதையும், மருத்துவப் பணியாளர் சிகிச்சை அளித்ததையும், அந்தச் சிகிச்சை பதிவு செய்யப்பட்டதையும் காட்ட வேண்டும். வீர விருது இவற்றிலிருந்து வேறானது. அதைத் தமக்குத் தாமே பரிந்துரைத்துக்கொள்ள முடியாது. நிகழ்வை அறிந்த மேலதிகாரி எழுத வேண்டும், நேரில் கண்டவர்கள் சாட்சியம் தர வேண்டும். காலம் கடந்துவிட்டால் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் வழியாக மறு ஆய்வு கோரலாம் என்று பிற்காலச் சட்டம் ஒன்று வழிவகுத்திருக்கிறது. அப்போதும் பரிந்துரையும் சாட்சியமும் தேவை. கண்டவர்கள் இறந்திருப்பார்கள், அல்லது கண்டும் எழுத மறுத்தவர்களாக இருப்பார்கள்.

ஆவணம் இருந்தவர்களின் நிலையும் எளிதன்று. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்தில் தீப்பற்றியது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் எரிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. நகலோ நுண்படமோ எடுத்து வைக்கப்படவில்லை. அன்று முதல் அந்தத் தலைமுறையினரின் பணி வரலாறு சம்பளச் சீட்டுகளையும் மருத்துவமனைப் பேரேடுகளையும் படைப்பிரிவின் அன்றாட அறிக்கைகளையும் கொண்டு மீட்டுக் கட்டப்படுகிறது. நெருப்பு நிறம் பார்த்து எரிக்கவில்லைதான். ஆனால் ஒருவரின் வீரம் செய்தித்தாளிலும் நூலிலும் பதிவாகியிருந்தால் கோப்பு எரிந்தாலும் அவருக்கு இழப்பு குறைவு. வேறெங்கும் எழுதப்படாதவருக்கு அந்த ஒரே கோப்புதான் வரலாறு.

மருத்துவ உதவியாளர் வேவர்லி வுட்சன் அப்படிப்பட்டவர். 1944 ஜூன் 6, நார்மண்டியின் ஒமாஹா கடற்கரை. கறுப்பின வீரர்களைக் கொண்ட 320ஆம் தடுப்புப் பலூன் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், தாமே காயம்பட்ட நிலையில், சுமார் 30 மணி நேரம் ஓய்வின்றிச் சிகிச்சை அளித்தார். அவருக்குக் கிடைத்தது புரோன்ஸ் ஸ்டார். மிக உயர்ந்த விருதுக்கு அவர் பெயர் பேசப்பட்டதைக் காட்டும் ஒரு குறிப்பு, வெள்ளை மாளிகை உதவியாளர் ஒருவருக்கு எழுதப்பட்டது, பின்னாளில் ட்ரூமன் நூலகத்தில் கிடைத்தது. அதிபரே நேரில் வழங்கத்தக்க பெரிய விருது என்று அக்குறிப்பு கூறுகிறது. பணிக்கோப்போ செயின்ட் லூயிஸ் தீயில் போய்விட்டது. 2005இல் வுட்சன் இறந்தார். குடும்பத்தாரும் ஆய்வாளர்களும் தொடர்ந்து கேட்டதன் பயனாக, 2024 ஜூனில் இரண்டாம் நிலை விருதான டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இனி, தனிமனிதக் கோப்புகளை விட்டு மொத்தக் கணக்கைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின அமெரிக்கர்கள் பணியாற்றினர். அப்போருக்காக நானூற்றுக்கும் மேற்பட்ட மெடல் ஆஃப் ஆனர் பதக்கங்கள் வழங்கப்பட்டன. போர் முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரை அவற்றுள் ஒன்றுகூடக் கறுப்பினத்தவருக்குக் கிட்டவில்லை. 1993இல் தரைப்படை இதை ஆராயும் பணியை ஷா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. ஆய்வாளர்கள் ஆவணக் காப்பகங்களைத் துருவினார்கள். கறுப்பின வீரருக்கு இவ்விருது தரக் கூடாது என்று எழுதப்பட்ட உத்தரவு எதுவும் அகப்படவில்லை. கறுப்பின வீரருக்காக எழுதப்பட்ட பரிந்துரைக் கோப்பும் அகப்படவில்லை.

நம் வாதம் இங்குதான் இருக்கிறது. பாகுபாடு பெரும்பாலும் எழுதி வைத்துச் செய்யப்படுவதில்லை. எழுதாமல் விடுவதன் மூலமே செய்யப்படுகிறது. அப்படியிருக்க, பாகுபாட்டுக்கு ஆளானவரிடம் ஆவணத்தைக் கொண்டுவா என்று கேட்பது, எதைச் செய்யாமல் விட்டார்களோ அதையே அவரிடம் சான்றாகக் கேட்பதாகும். வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்யாத காவல் நிலையத்திலிருந்து முதல் தகவல் அறிக்கையின் நகலை எப்படிப் பெறுவது? புகாரைப் பதிவது அரசு ஊழியரின் கடமை என்பதையும், வேண்டுமென்றே அதைப் புறக்கணிப்பது தண்டனைக்குரியது என்பதையும் நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் விரித்து எழுத வேண்டியிருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஷா பல்கலைக்கழக ஆய்வு இந்தச் சிக்கலை உடைத்த விதம் கற்கத்தக்கது. ‘ஆவணம் எங்கே’ என்பதோடு நில்லாமல், ‘ஆவணம் ஏன் இல்லை’ என்று அது கேட்டது. தனித்தனிப் படைப்பிரிவுகளாகப் பிரித்து வைத்திருந்த முறையையும் அன்றைய படையின் இனச் சூழலையும் சான்றாகக் கொண்டு, விருதின்மைக்குக் காரணம் அதுவே என்ற முடிவுக்கு வந்தது. பத்துப் பேரின் பெயர்களை முன்வைத்தது. அவர்களுள் ஏழு பேர் தெரிவாயினர். சட்டப்படியான காலவரம்பு 1952லேயே முடிந்திருந்ததால் காங்கிரஸ் தனியே விலக்கு அளித்தது. 1997 ஜனவரி 13 அன்று அதிபர் கிளிண்டன் விருதுகளை வழங்கியபோது எழுவரில் உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. எழுவருள் ரூபன் ரிவர்ஸ் என்னும் டாங்கிப் படை வீரருக்காக 1944லேயே பரிந்துரைத்ததாக அவருடைய வெள்ளையின மேலதிகாரி டேவிட் வில்லியம்ஸ் பல்லாண்டுகள் கூறிவந்தார். அந்தப் பரிந்துரைத் தாளும் கிடைத்ததில்லை.

அந்த எழுவருள் எட்வர்டு கார்ட்டரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் தந்தை கறுப்பின அமெரிக்க மதபோதகர்; தாய் கல்கத்தாவைச் சேர்ந்த இந்தியப் பெண். சிறுவயதில் இந்தியாவிலும் பின்னர் ஷாங்காயிலும் வளர்ந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்துக்கு எதிராக ஆபிரகாம் லிங்கன் படையில் போரிட்டார். 1941இல் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார். போர்முனைக்குத் தன்னார்வலர்கள் கேட்கப்பட்டபோது, தம் சார்ஜென்ட் பதவியைத் துறந்து சாதாரணச் சிப்பாயாகச் சென்றார். கறுப்பினத்தவர் எவரும் வெள்ளையினப் படைவீரருக்கு ஆணையிடும் நிலையில் இருக்கக் கூடாது என்பதே பதவி துறக்கச் சொன்னதன் காரணம். 1945 மார்ச் 23 அன்று, ஜெர்மனியின் ஸ்பையர் நகருக்கருகில், ஐந்து இடங்களில் காயம்பட்டும் தம்மைச் சிறைபிடிக்க வந்த எண்மருள் அறுவரைக் கொன்று இருவரைக் கைதிகளாகக் கொண்டுவந்தார். டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் கிராஸ் பெற்றார்.

1949இல் மீண்டும் பணி நீட்டிப்புக்குச் சென்றபோது அவர் மறுக்கப்பட்டார். காரணம் கூறப்படவில்லை. கம்யூனிஸ்ட் என்ற ஐயத்தில் படையின் உளவுப் பிரிவு அவரைப் பல ஆண்டுகளாகக் கண்காணித்துவந்தது. குற்றச்சாட்டோ விசாரணையோ இல்லாததால் அவர் மறுத்துரைக்கவும் ஏதுமில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்து, 1963இல் புற்றுநோயால் இறந்தார். முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபின் விருது அறிவிக்கப்பட்டபோது, மருமகள் ஆலீன் கார்ட்டர் அத்தோடு நின்றுவிடவில்லை. தகவல் சுதந்திரச் சட்டத்தின் வழியாக அந்த உளவுக் கோப்பைக் கேட்டுப் பெற்றார். 1999இல் தரைப்படை வருத்தம் தெரிவித்துப் பதிவைத் திருத்தியது. அவருக்கு மறுக்கப்பட்டிருந்த நன்னடத்தைப் பதக்கமும் சேர்க்கப்பட்டது. மிக உயர்ந்த வீர விருது 1997இல் வந்துவிட்டது. ‘இவர் ஒழுங்கானவர்’ என்று சொல்லும் மிகச் சாதாரணப் பதக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. நம் கண்ணுக்கு, இரண்டாவதே கடினமான வெற்றியாகத் தெரிகிறது.

பதிவைத் திருத்துவது என்றால் சேர்ப்பது மட்டுமன்று, நீக்குவதும்தான். 1916–17இல் அமைக்கப்பட்ட குழுவொன்று அதுவரை தரைப்படை வழங்கிய மெடல் ஆஃப் ஆனர் அனைத்தையும் ஆய்ந்து 911 பெயர்களை நீக்கியது. உள்நாட்டுப் போரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வாக்கரும் அவர்களுள் ஒருவர். இவ்விருதைப் பெற்ற ஒரே பெண். 1977இல் பதிவுத் திருத்த வாரியத்தின் வழியாக அவர் பெயர் மீண்டும் சேர்ந்தது.

அதே 1917ஆம் ஆண்டுக் குழு தொடாமல் விட்ட பதக்கங்களும் உண்டு. 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்கக் குதிரைப்படை லகோட்டா பழங்குடி மக்களைக் கொன்று குவித்தது. இறந்தவர்களுள் பலர் பெண்களும் குழந்தைகளும். அந்தப் படுகொலையில் பங்கேற்ற சுமார் 20 வீரர்களுக்கு மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது. காங்கிரஸ் 1990இல் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது, பதக்கங்கள் நீக்கப்படவில்லை. லகோட்டா மக்களின் நெடுநாள் கோரிக்கையை அடுத்து, 2024 ஜூலையில் அன்றைய பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் மறு ஆய்வுக்கு உத்தரவிட்டார். 2025 செப்டம்பரில், அவருக்குப் பின் வந்த பீட் ஹெக்செத், அவ்வீரர்கள் பதக்கத்தைத் தக்கவைத்துக்கொள்வர் என்றும் இம்முடிவு இறுதியானது என்றும் அறிவித்தார். பதக்கங்களை நீக்கக் கோரும் மசோதா காங்கிரசில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொண்டுவரப்பட்டிருக்கிறது, இதுவரை சட்டமாகவில்லை.